ஜப்பான் முத்திரைக்கு 40 வெள்ளி கூடுதலா?

கேள்வி – 2 மார்ச் 2024

அண்ணே, பழைய சாமான் விற்கும் கரோசல் செயலியில் ஷிமானோவின் பழைய அல்டெக்ரா கிராங்க் (சைக்கிள் பெடல் மாட்டும் கை) ஒன்று பார்த்தேன். 6800 மாடல். மற்றவர்கள் 100 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போட்டிருக்கிறார்கள், இவர் 140 கேட்கிறார். கேட்டால், "இது ஜப்பானில் செய்தது, மலேசியா சாமான் இல்லை" என்கிறார். ஷிமானோ ஆலை இருக்கிற ஜூரோங்குக்குத் தினமும் வேலைக்குப் போகிற எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம். கூடக் கொடுக்கலாமா?

2 மார்ச், மதியம்

கொடுக்காதே. கிராங்க் கையைத் திருப்பி உட்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல். பெடல் திருகும் துளைக்குக் கிட்ட இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். அது என்னவென்று தெரியாமல் 100 வெள்ளிகூட வேண்டாம். வேலைக்கு நடுவே எழுதுகிறேன், மீதி இரவு.

2 மார்ச், இரவு

முதலில் ஊர்க்கதை. ஷிமானோ 1921-ல் ஒசாகாவை ஒட்டிய சக்காய் நகரில் தொடங்கிய பட்டறை. முதல் பொருள் ஃப்ரீவீல், பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓட விடும் பின்பற்சக்கரம். சக்காய் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பேர்போன கொல்லர் ஊர். ஜப்பானுக்கு மேல்நாட்டுச் சைக்கிள் வந்து பழுதானபோது, அதைப் பிரித்து மாட்டும் கைத்திறன் அங்கே ஏற்கெனவே இருந்தது. பழுது பார்த்தவர்கள் பாகம் செய்ய ஆரம்பித்தார்கள். நூறு வருஷம் கழித்தும் தலைமையகம் அங்கேதான்.

1973-ல் ஷிமானோ வெளிநாட்டில் முதல் தொழிற்சாலையைத் திறந்தது. எங்கே? சிங்கப்பூரில். அதன் உச்ச வரிசையான டூரா-ஏஸ் என்ற பெயர் சந்தைக்கு வந்ததும் அதே வருஷம். பிறகு ஜொகூரில் பொந்தியான், சீனாவில் குன்ஷான். துவாஸ் வழியாகப் போனால் பொந்தியான் நமக்கு எவ்வளவு கிட்டம் என்று உனக்குத் தெரியும். உன் விற்பனையாளர் மட்டமாகப் பேசுகிற மலேசியச் சாமான், ஜப்பான் பொறியாளர்கள் வரைந்து ஜப்பான் கம்பெனியின் சொந்த ஆலையில் வருகிறது. எவனோ ஒருவன் கொட்டகையில் அடிப்பது இல்லை.

பொதுவாக டூரா-ஏஸ் ஜப்பானில் வரும். வரிசையில் கீழே இறங்க இறங்க மலேசியா, சிங்கப்பூர், சீனா என்ற முத்திரைகள் கூடும். இதைப் பார்த்துவிட்டு மக்கள் நாடுதான் விலைக்குக் காரணம் என்று கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். டூரா-ஏஸ் கேசட்டின் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு) பெரிய பற்சக்கரங்கள் டைட்டானியம், கீழ் வரிசையான தியாக்ராவில் எல்லாமே எஃகு. எடையும் விலையும் வேறாக இருப்பதற்குக் காரணம் அது. தியாக்ராவை சக்காயிலேயே செய்தாலும் அது தியாக்ராதான்.

என்னிடம் இருந்த தியாக்ரா டெரெய்லரில் (செயினைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் தள்ளும் பாகம்) மலேசியா என்றுதான் இருந்தது. சாங்கி கடலோரச் சாலையில் பல வருஷம் உப்புக் காற்று குடித்தது. விற்கும்போதும் கியர் சரியாகத்தான் விழுந்தது. அதை ஜப்பான் இல்லை என்று சொல்லி ஒருவர் 10 வெள்ளி குறைக்கப் பார்த்தார். வேறொருவருக்குக் கொடுத்தேன்.

3 மார்ச்

இப்போது அந்த இரண்டு எழுத்து. ஷிமானோ பாகங்களில் நாட்டின் பெயரைவிடப் பயனுள்ள விஷயம் இதுதான், ஆனால் விற்பவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைப் படமெடுத்துப் போடுவதில்லை.

முதல் எழுத்து வருஷம். 1976-ல் ஏ என்று தொடங்கி, வருஷத்துக்கு ஒன்றாக 2001-ல் இசட் வரை போய், 2002-ல் மறுபடி ஏ. அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் 2012 கே, 2013 எல், 2019 ஆர். இரண்டாம் எழுத்து மாதம், ஜனவரி ஏ, டிசம்பர் எல். ஆகவே கேஎஃப் என்றால் 2012 ஜூன்.

கேஎஃப்பை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் 11 ஸ்பீட் (பின்னால் 11 பற்சக்கரம்) ஹாலோடெக் ரோடு கிராங்குகளைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. அல்டெக்ரா 6800, ஆர்8000, டூரா-ஏஸ் 9000, ஆர்9100, பவர் மீட்டரோடு வந்த ஆர்9100-பி. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை செய்தவை, அதாவது கேஎஃப் முதல் ஆர்எஃப் வரை. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6,80,000, உலகம் முழுக்க 28 லட்சத்துக்குப் பக்கம். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்பில் கிராங்க் பிரிந்த சம்பவங்கள் 4,500-க்கு மேல், காயங்கள் ஆறு என்று இருந்தது.

காரணம் எளிது. கையை உள்ளே பொள்ளலாக வைக்க, இரண்டு அலுமினியத் துண்டுகளைச் செய்து பசையால் ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் கை இரண்டாகப் பிளக்கும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேர ஓட்டத்துக்கே வியர்வை ஃபிரேமின் மேல்குழாய் வழியாகக் கீழே சொட்டும். உப்புத்தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும் என்பதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யோசித்துப் பார். பட்டியலில் இருப்பதெல்லாம் அல்டெக்ராவும் டூரா-ஏஸும். ஜப்பான் என்று சொல்லி 40 வெள்ளி கூடக் கேட்கிறாரே, அதே வகைதான். அல்டெக்ராவுக்கு ஒரு படி கீழே உள்ள 105 வரிசைக் கிராங்க் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பட்டியலில் இருந்தால் குப்பை என்று அர்த்தமில்லை. அங்கீகரித்த கடையில் கொண்டுபோய்க் காட்டினால் பார்த்துச் சொல்வார்கள், தேறாவிட்டால் மாற்றுக் கிராங்க் தருவார்கள். என்னுடைய ஆர்8000 எழுத்தும் அந்த எல்லைக்குள்தான் வந்தது. கடையில் கழற்றி, துடைத்து, ஒட்டுக்கோடு முழுக்க வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு ஓட்டலாம் என்றார்கள். இன்னும் ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை நானும் துணியால் துடைத்துவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

3 மார்ச், பின்னிரவு

தனிச்செய்தியில் ஒருவர்: "இங்கேயே செய்கிற சாமான் இங்கே மலிவாக இருக்க வேண்டாமா?"

பல வருஷம் வேடிக்கையே இதுதான். ஜூரோங்கிலோ பொந்தியானிலோ செய்த பாகம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிப் போய், ஜெர்மனியின் இணையக் கடையில் அடுக்கில் உட்கார்ந்து, அங்கிருந்து விமானமேறி என் வீட்டு வாசலுக்கு வரும். இங்கே சிங்கப்பூர்த் தேக்காவுக்கு பஸ்ஸில் போய் வாங்குவதைவிட அது மலிவு. 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இணையப் பார்சல்களுக்கும் பொருள் சேவை வரி வந்துவிட்டது, 2024 ஜனவரியில் அது 9 விழுக்காடு ஆனது. இப்போது அந்த லாபம் தேய்ந்துவிட்டது. உள்ளூர்க் கடைக்காரர்கள் இதற்காக மட்டும் வரியை வாழ்த்தலாம்.

6 மார்ச்

விற்பது பற்றிக் கேட்டவர்களுக்கு. இதை இழுத்துத்தான் எழுதப்போகிறேன்.

2020, 21-ல் சைக்கிள் சாமானுக்குப் பஞ்சம். புதுச் செயின் கிடைக்காமல் தேய்ந்த செயினை விலை பேசினார்கள். அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்னமும் சிலர் விளம்பரம் போடுகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது சந்தையில் சரக்கு குவிந்து கிடக்கிறது. அதுவும் 2021-ல் 12 ஸ்பீட் அல்டெக்ரா மின்சார ஷிஃப்டிங்கோடு மட்டும் வந்தபிறகு, காசுள்ளவர்கள் கூட்டமாக அதற்கு மாறினார்கள். அவர்கள் கழற்றிய 11 ஸ்பீட்தான் இன்று கரோசல் முழுக்க.

முழு குரூப்செட்டாக (கியர், பிரேக், கிராங்க் எல்லாம் சேர்ந்த தொகுதி) விற்பதா, பிரித்து விற்பதா? பிரித்தால் மொத்தத்தில் காசு கூட வரும். ஆனால் கியர் மாற்றும் ஷிஃப்டரும் பின் டெரெய்லரும் முதல் வாரம் போய்விடும், கிராங்க் அடுத்து. முன் டெரெய்லரும் ரிம் பிரேக்கும் உன்னோடு குடியிருக்கும். என் அலமாரியில் இப்போது முன் டெரெய்லர்கள் மட்டும் ஒரு டப்பா நிறைய. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, சைக்கிளுக்குப் பல்செட்டா?" என்றாள். அதனால் இப்போதெல்லாம் பிரேக்கையும் முன் டெரெய்லரையும் கிராங்கோடு சேர்த்துக் கட்டி ஒரே விலை சொல்கிறேன்.

ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) கார்பன் சக்கரம் வைத்திருப்பவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 2,000 வெள்ளிக்கு வாங்கியதை 500-க்குக் கேட்பார்கள், அதுவும் நியாயமான விலைதான். பிரேக் பிடிக்கும் பரப்பு எவ்வளவு தேய்ந்தது என்று வாங்குபவர் கேட்டால் கோபப்படாதீர்கள். நான் விளிம்பின் மேல் ஸ்கேலை வைத்து ஒளி விழும் இடைவெளியைப் படமெடுத்தே போடுகிறேன். அந்தப் படம் போட்டபிறகு பேரம் பாதியாகிவிட்டது.

செயினையும் கேசட்டையும் விற்கும்போது, செயின் எவ்வளவு நீண்டது என்று அளக்கும் செயின் செக்கரை வைத்துப் படம். 11 ஸ்பீடில் 0.5 விழுக்காடு நீண்டுவிட்டால் அந்தச் செயினை விற்கக் கூடாது. வாங்குபவரின் கேசட்டையும் அது தின்றுவிடும்.

சாமான் எந்த வருஷம், எங்கே ஓடியது, மழையில் நனைந்ததா, விழுந்ததா என்பதை இரண்டு வரியில் எழுதினால் போதும். "அரிதாகப் பயன்படுத்தியது" என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். காலணியைப் பெடலோடு பூட்டும் கிளீட் தேய்ந்த கோலத்தைப் பார்த்தாலே எவ்வளவு அரிது என்று தெரிந்துவிடும்.

7 மார்ச்

நான் விற்காத பொருள்கள் இரண்டு. ஒன்று தலைக்கவசம். உள்ளே இருக்கும் நுரை ஒரு அடியைத் தாங்கத்தான் செய்தது, அந்த அடி விழுந்ததா என்று வெளியே தெரியாது. இன்னொன்று கார்பன் ஹேண்டில்பார். திருகாணியை யாராவது முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் முறுக்கியிருந்தால் உள்ளே நார் நசுங்கியிருக்கும், நாடாவைச் சுற்றிவிட்டால் கடவுளுக்கும் தெரியாது.

தூக்கிப் போடும்போது ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டுப் போடுங்கள். முழுசாகப் புளோக் குப்பையிடத்தில் வைத்தால் மறுநாள் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓட்டுவார்கள்.

9 மார்ச்

இத்தாலி ரசிகர்கள் வந்துவிட்டார்கள். "ஷிமானோவை விடுங்கள், இத்தாலிக்காரன் ஃபிரேம் இத்தாலியில்தானே?"

எல்லாம் இல்லை. கொல்நாகோவின் சி வரிசை இத்தாலியில் வருகிறது. பந்தயத்தில் ஓடும் வி வரிசை ஆசியாவில். பினரெல்லோவின் கார்பன் ஆசியாவில் வார்க்கப்பட்டு, வண்ணம் இத்தாலியில் ஏறுகிறது. கியர் பாகம் செய்யும் காம்பக்னோலோ 1933 முதல் இத்தாலியின் விசென்சாக்காரன்தான், ஆனால் ருமேனியாவிலும் ஆலை வைத்திருக்கிறான். பிரெஞ்சு லுக்குக்குத் துனிசியாவில் சொந்த ஆலை. சிகாகோவில் பிறந்த ஸ்ராம், செயினைப் போர்ச்சுகலின் கொயிம்பிராவில் செய்கிறது, 1997-ல் ஜெர்மனியின் சாக்ஸ் சைக்கிள் பிரிவை வாங்கியபோது கூடவே வந்த ஆலை அது. முத்திரையைப் பார்த்து விலை வைப்பவர் இதற்கெல்லாம் என்ன விலை வைப்பார்?

தைவானைப் பற்றி இன்னமும் மட்டமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயது கூடுகிறது. ஜயண்ட், மெரிடா இரண்டுமே 1972-ல் தொடங்கியவை. அமெரிக்காவின் ஷ்வின்னுக்கு ஜயண்ட்தான் லட்சக்கணக்கில் செய்து கொடுத்தது. ஒருவருக்குச் செய்து கொடுத்துக் கற்றுக்கொண்டு, பிறகு தன் பெயரில் விற்றார்கள். இன்று நல்ல கார்பன் வேலை தெரிந்தவர்களைத் தேடினால் தைச்சுங் பக்கம்தான் போக வேண்டும்.

ஒரு பொருள் எங்கே செய்யப்படுகிறது என்பதைத் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, வரியும் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1993-ல் சீனச் சைக்கிள்களுக்கு 30.6 விழுக்காடு பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது, 2005-ல் அதை 48.5 ஆக்கியது. அதன்பிறகு கம்போடியாவில் தைவான்காரர்களின் சைக்கிள் ஆலைகள் முளைத்தன. கம்போடியாவில் திடீரென்று எல்லோருக்கும் வெல்டிங் வந்துவிட்டதா என்ன?

9 மார்ச், மாலை

கேட்காமலே சொல்கிறேன்: 900 வெள்ளிக்குப் புத்தம்புது பினரெல்லோ ஃபிரேம் என்று விளம்பரம் பார்த்தால் அது சைனரெல்லோ. போலி. நாடு பார்த்து அல்ல, விலை பார்த்துச் சொல்கிறேன். சீனாவில் நேர்மையாகத் தன் பெயரில் ஃபிரேம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடையதை வாங்கு. அடுத்தவன் பெயரை ஒட்டுகிறவன் உள்ளே எத்தனை அடுக்கு கார்பன் வைத்தான் என்று யார் பார்த்தது.

11 மார்ச்

மேலே எழுதியதையெல்லாம் வைத்துக்கொண்டு "முத்திரைக்கு விலையே கிடையாது" என்று ஒருவர் முடிவுகட்டிவிட்டார். அப்படி இல்லை, ஓர் இடத்தில் உண்டு: சேகரிப்பவர்கள்.

ஜப்பானின் கெய்ரின் பந்தயத்துக்கு அங்கீகரித்த பாகங்களில் என்ஜேஎஸ் என்று அடித்திருப்பார்கள். அங்கே பார்வையாளர்கள் பணம் கட்டிச் சூதாடுகிற பந்தயம், அதனால் எந்தப் பாகம் மாட்டலாம் என்பதில் கறார். பதினைந்து வருஷம் முன்னால் சிங்கப்பூரில் ஃபிக்ஸி (ஒரே கியர் சைக்கிள்) மோகம் இருந்ததே, அப்போது அந்த முத்திரையுள்ள நிட்டோ ஸ்டெம்முக்கும் சுகினோ கிராங்குக்கும் பையன்கள் அலைந்தார்கள். இன்றும் நல்ல விலை போகும். பெரும்பாலோர் அதை மாட்டிக்கொண்டு போனது காப்பிக்கடை வரைக்கும்தான்.

சன்டூர் இன்னொன்று. 1964-ல் சாய்ந்த இணைகர டெரெய்லரைக் கண்டுபிடித்தது ஒசாகாவின் மாயேடா கம்பெனி, அதன் முத்திரைதான் சன்டூர். செயினை வழிநடத்தும் சிறு ஜாக்கி சக்கரம் பற்சக்கரத்தின் சரிவோடு சேர்ந்தே நகரும். அதுவரை இருந்த எதையும்விட கியர் நன்றாக விழுந்தது. காப்புரிமை 1984-ல் முடிந்தது. ஷிமானோ காத்திருந்து, அதே சாய்வைத் தன் டூரா-ஏஸ் 7400-ல் எடுத்துக்கொண்டு, கிளிக் கிளிக்கென்று விழும் இண்டெக்ஸ் ஷிஃப்டிங்கையும் சேர்த்தது. அதற்குப் பிறகு சன்டூரால் எழுந்திருக்க முடியவில்லை. இன்று எஸ்ஆர் சன்டூர் என்று சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் பார்க்கிற பெயருக்கு முகவரி தைவானின் சாங்ஹுவா. பழைய சன்டூர் சுப்பர்ப் டெரெய்லரில் ஜப்பான் என்று இருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது, அதற்குக் காசு கொடு. 6800 கிராங்கில் இருக்கிற ஜப்பானுக்கு அது இல்லை.

12 மார்ச்

சென்னையிலிருந்து ஒரு தம்பி: "எங்கள் அம்பத்தூரை மறந்துவிட்டீர்களே."

மறக்கவில்லை. டிஐ சைக்கிள்ஸ் 1949-லிருந்து இருக்கிறது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று நம் அப்பாக்கள் ஓட்டியதெல்லாம் அதுதான், பிறகு மான்ட்ரா என்று ரோடு பைக்கும் வந்தது. லூதியானாவில் தெருவுக்குத் தெரு பாகம் செய்கிறார்கள். ஆனால் பந்தயத் தரத்துக் கியரும் ஷிஃப்டரும் அங்கேயும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் மச்சான் கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். பெட்டியில் கேசட்டை வைத்தால் விமான நிலையத்து எக்ஸ்ரேயில் அந்த அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிள் பல்சக்கரம் ஐயா என்று சொல்லி, திறந்து காட்டி, வெளியே வருவதற்குள் மச்சான் நாலு தடவை போன் செய்துவிடுவான்.

15 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி படம் அனுப்பிவிட்டான். எழுத்து எல்ஜி. 2013 ஜூலை, பட்டியலுக்குள் வருகிறது. விற்பவருக்குத் திரும்ப அழைத்த விஷயமே தெரியாது, பாவம், ஏமாற்றுகிறவர் இல்லை. கடையில் காட்டிவிட்டு வருகிறேன் என்றாராம்.

17 மார்ச்

கடையில் தேறிவிட்டது. விலையும் 90-க்கு இறங்கிவிட்டது. தம்பி பணத்தோடு புவன விஸ்தா எம்ஆர்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கிளம்புமுன் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, 175 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?" என்றான்.

கிராங்க் கையின் நீளம், மில்லிமீட்டரில். உன் உயரம் என்ன என்றேன். 165 சென்டிமீட்டராம். இப்போது ஓட்டுவது 170. சும்மாவே முழங்கால் வலிக்கிறது என்பவன் 175-க்குப் போனால் பெடல் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் முட்டி இன்னும் மடங்கும். போகாதே என்று சொல்லிவிட்டேன். விற்பவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான், அவர் மறுநாளே வேறொருவருக்கு 100-க்குக் கொடுத்துவிட்டார்.

யாரிடமாவது 105 கிராங்க், 170 நீளம், முன்பற்சக்கரம் இரண்டிலும் 50-34 பல் இருந்தால் இங்கே போடுங்கள். தம்பி 80 வரை தருவான். எந்த நாடாக இருந்தாலும் பரவாயில்லை. முன் டெரெய்லர் வேண்டுமென்றால் நான் சும்மாவே தருகிறேன்.